இங்கிலாந்தில் வாங்கிய பழைய படகில் இருப்பது கார் இன்ஜின் என்கிறார்கள். எந்த இன்ஜின் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கால்வாயில் ஓடும் நாரோபோட் என்ற ஒடுக்கமான நீளப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், விற்றவருக்கும் விவரம் தெரியவில்லை, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "என்ன இன்ஜின்?" என்று கேட்டதும் பதில் சொல்ல முடியவில்லை. சரிதானே? அப்படியென்றால் இன்ஜின் மேல் ஒட்டியிருக்கும் பெயரையும் பெயிண்ட் நிறத்தையும் முதலில் மறந்துவிடுங்கள். காருக்கும் வேனுக்கும் செய்த இன்ஜினை வாங்கி, தண்ணீர் சுற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, படகு கியர்பாக்ஸ் எல்லாம் மாட்டி, தங்கள் பெயரில் தங்கள் நிறத்தில் விற்ற கம்பெனிகள் அந்த ஊரில் பல இருந்தன. பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல், யாருடையது என்று தெரிந்தால்தான் பார்ட்ஸ் கிடைக்கும்.

நான் மில்டன் கீன்ஸில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த ஒருவர் கிராண்ட் யூனியன் கால்வாயில் ஒரு பழைய படகு வாங்கினார். வாங்குமுன் சோதித்தவர் அறிக்கையில் பெர்க்கின்ஸ் கம்பெனியின் 4.108 டீசல் இன்ஜின் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். இவரும் அதை நம்பி ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகடு) வாங்கி வந்தால் ஒரு துளைகூட ஒத்துப்போகவில்லை. பின்பக்கப் பலகையைத் தூக்கி உள்ளே பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, பெருமைதான். பிளாக்கின் பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் சி.ஏ.வி. கம்பெனி டீசல் பம்ப், டீசல் தெளிக்கும் நான்கு நாசில், நான்கு ஹீட்டர் பிளக், பக்கவாட்டில் டேப்பெட் கவர் தகடுகள். திண்டுக்கல்லில் எங்கள் அப்பா பட்டறையில் ஸ்டாண்டு டாக்சிகள் வரிசையில் நிற்கும், எல்லாம் டீசல் அம்பாசடர். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன் நான். அந்த இன்ஜின்தான் இது!

காரணம் இருக்கிறது. அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 கார்தான். பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) செய்த பி சீரிஸ் இன்ஜினில் 1489 சிசி டீசல் வகை ஒன்று வந்தது. 60களில் அதை ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் ஆக்ஸ்போர்டு கார்களில் போட்டார்கள். 1980 வாக்கில் அதே 1489 சிசி டீசல் நம் ஊர் அம்பாசடருக்கு வந்தது. இங்கிலாந்தில் அதையே படகில் இறக்கினார்கள். பி.எம்.சி. 1.5 என்று கால்வாயில் கேட்டால் எல்லோருக்கும் தெரியும்.

சொன்னால் நம்புவார்களா? "அது இந்தியக் கார், இது மரைன் இன்ஜின்" என்றார் பக்கத்துப் படகுக்காரர். நான் பதில் பேசவில்லை. வேஸ்ட் துணியில் டீசல் தொட்டு பிளாக்கின் பக்கத்தைத் துடைத்துக்கொண்டே போனேன். பச்சை பெயிண்ட், அதற்கடியில் சாம்பல் நிறம், அதற்கும் அடியில் ரிவெட் அடித்த சின்னத் தகடு. நம்பர் 15 என்று தொடங்கியது. பி.எம்.சி. காலத்து இன்ஜின் நம்பரில் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் கொள்ளளவைச் சொல்லும். 15 என்றால் 1.5 லிட்டர், 18 என்றால் 1.8.

பெர்க்கின்ஸ் குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்றும் சொல்கிறேன். இதே பி.எம்.சி. இன்ஜின்களை தோர்னிகிராஃப்ட் என்ற பெயரில் விற்றபோது 1.5க்கு 90 என்றும் 1.8க்கு 108 என்றும் நம்பர் கொடுத்தார்கள். ஏறக்குறைய கன அங்குலக் கணக்கு அது. பெர்க்கின்ஸ் 4.108இல் இருக்கும் 108ம் அதே கணக்குதான், ஆனால் இன்ஜின் முற்றிலும் வேறு. யாரோ வாயால் "108" என்று சொன்னதைக் கேட்டு இன்னொருவர் அறிக்கை எழுதினால் இப்படித்தான் ஆகும்.

உங்கள் படகில் தகடே இல்லையென்றால், 14 மிமீ ஸ்பேனர் ஏறாத போல்ட்டில் 9/16 கச்சிதமாக உட்கார்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தால் அங்குலக் கணக்கு, அதாவது பழைய பிரிட்டிஷ் இன்ஜினாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 10, 12, 14 எல்லாம் பொருந்தினால் ஜப்பான் பக்கம் தேடுங்கள். பம்ப் மேல் இருக்கும் நம்பரை வைத்து முடிவு கட்டாதீர்கள், அது பம்பின் நம்பர், பம்ப் மாற்றியிருக்கலாம். ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை) அளந்து 1.5ஆ 1.8ஆ என்று பார்க்கவும் முடியாது, இரண்டுக்கும் 88.9 மிமீதான். போர்தான் (சிலிண்டரின் விட்டம்) வேறு, 73 மிமீயும் 80 மிமீயும், அதற்கு ஹெட்டைக் கழற்ற வேண்டும். கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் 1.5க்கு மூன்று, 1.8க்கு ஐந்து.

"நீ மரைன் இன்ஜினியரா?" என்று கேட்க வருபவர்களுக்கு: இல்லை. படகின் கூலிங், கியர்பாக்ஸ் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, இன்ஜினைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் இருக்கிறது. என் தங்கையைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், அப்பாவின் நகக்கண்ணில் இருந்த கரியைப் பார்த்துக்கொண்டே காபி குடித்துவிட்டுப் போய், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பியது. அவர்கள் வந்த காருக்கு ரீபோர் செய்து கொடுத்ததே அப்பாதான். சத்தத்தைக் கேட்டே எந்த நாசில் ஒழுகுகிறது என்று சொல்லும் மனிதரை "பட்டறைக்காரர்" என்று தள்ளிவைக்கும் ஊர், கம்பெனி சர்வீஸ் சென்டரில் பில் போடுகிறவருக்கு நாற்காலி போடுகிறது. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிளாக்கின் இரண்டு பக்கமும், பம்ப் பக்கம், மேனிஃபோல்டு பக்கம், தெரிகிற புடைப்பு எழுத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பி.எம்.சி. 1.5 என்று உறுதியானால் அம்பாசடர் பார்ட்ஸ் சில உதவும். அந்த நண்பருக்கு நான் ஊரிலிருந்து வரவழைத்த ஹெட் கேஸ்கெட் துளைக்குத் துளை பொருந்தியது. ஆனாலும் பழையதைக் கழற்றி, புதியதன் மேல் வைத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள்.