ரத்த ஆர்.என்.ஏ. அறிக்கையில் "பிறழ்வு இல்லை" என்றால் எஸ்சிஎன்1ஏ மரபணு சரியாக இருக்கிறதா?

இல்லை, அப்படி முடிவு செய்யாதீர்கள். உங்கள் மகளுக்கு எஸ்சிஎன்1ஏ மரபணுவின் இன்ட்ரான் பகுதியில் (புரதம் உருவாகும் முன் வெட்டி நீக்கப்படும் பகுதி) கண்ட "பொருள் உறுதியாகாத" மாற்றம் தீங்கற்றது என்று சொல்ல இந்த அறிக்கை மட்டும் போதாது.

பெரும்பாலும் காரணம் இதுதான்: எஸ்சிஎன்1ஏ மூளையின் நரம்பு செல்களில் வேலை செய்யும் மரபணு. ரத்தத்தில் அதன் ஆர்.என்.ஏ. (மரபணுவிலிருந்து எடுக்கப்படும் படி) மிக மிகக் குறைவு. அரிதாகவே படியெடுக்கப்படும் மரபணுவில், அந்தப் படியை வெட்டி ஒட்டும்போது நேரும் பிழை எப்படித் தெரியும்? அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா என்ற தள்ளாட்ட நோய்க்குக் காரணமான ஏடிஎம் போன்ற மரபணுக்கள் ரத்தத்தில் நன்றாகவே வெளிப்படும். அங்கே இதே பரிசோதனை உண்மையில் கைகொடுக்கும்.

1. அந்த மரபணுவுக்கு எத்தனை வாசிப்புகள் (கருவி படித்த ஆர்.என்.ஏ. துண்டுகள்) கிடைத்தன என்று ஆய்வகத்திடம் எழுத்தில் கேளுங்கள். விரல்விட்டு எண்ணும் அளவு என்றால், விடை "இயல்பு" அல்ல, "பார்க்க முடியவில்லை". ஜிடெக்ஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தில் மரபணுவின் பெயரை இட்டு, மூளையிலும் ரத்தத்திலும் உள்ள அளவை நீங்களே ஒப்பிடலாம்.

2. பெற்றோர் இருவரின் டி.என்.ஏ.வையும் அதே இடத்தில் சோதியுங்கள். நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். எஸ்சிஎன்1ஏ கோளாறால் வரும் கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோயான டிராவே நோய்க்குறியில் மாற்றம் பெரும்பாலும் குழந்தையிடம் புதிதாகத் தோன்றியதாகவே இருக்கும். உங்கள் இருவரிடமும் அது இல்லையென்றால் சந்தேகம் வலுக்கும்.

ஒரு எச்சரிக்கை. டிராவே நோய்க்குறியில் கார்பமசெபைன் போன்ற, நரம்பு செல்களின் சோடியம் வழியைத் தடுக்கும் வலிப்பு மருந்துகள் வலிப்பைக் கூட்டக்கூடும். இந்த அறிக்கையை நம்பி எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் இந்தச் சந்தேகத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.