மணற்கடலும் நீலச் சுடரும்: வாசகர் கேள்வி – பதில்

கிழக்கு ஜாவாவின் எரிமலைகளுக்கிடையே நானும் என் கணவரும் முதுகுப்பைகளோடு பன்னிரண்டு நாள்கள் அலைந்த கதையைச் சென்ற இதழ்களில் எழுதியிருந்தேன். அதை வாசித்தவர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இவ்வாரம் பதில் எழுதுகிறேன்.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஜாவாவில், எரிமலையின் வாய் ஓரத்தில் பிள்ளையார் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் அங்கே எப்படிப் போனார்?
– வெள்ளவத்தை வாசகி ஒருவர்

புரோமோ மலையைச் சுற்றி வாழும் தெங்கெர் மக்கள் இந்துக்கள். பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் மஜபாகித் அரசு தளர்ந்து ஜாவாவில் இஸ்லாம் பரவியபோது, பழைய சமயத்தை விடாதவர்களில் ஒரு பகுதியினர் கிழக்கே பாலிக்குச் சென்றார்கள் என்றும், மற்றொரு பகுதியினர் இந்த மலைகளுக்குள் ஏறிவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். ‘புரோமோ’ என்பதே பிரம்மாவின் பெயர்தான். ஜாவா மொழியில் அகரம் பல இடங்களில் ஒகரமாக ஒலிக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அங்குள்ள ஊர்ப் பெயர்கள் பாதிக்குமேல் நமக்குப் புரிந்துவிடும். அருகே நிற்கும் செமெரு, நம்முடைய மேருதான். ஜாவாத் தீவு கடலில் மிதந்து ஆடிக்கொண்டிருந்ததாகவும், அதை நிலைநிறுத்தத் தேவர்கள் மேருவைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்ததாகவும் அவர்களிடம் ஒரு பழங்கதை உண்டு. முதலில் மேற்குப் பக்கம் வைத்தபோது தீவு ஒருபக்கம் சாய்ந்துவிட்டதாம். கிழக்கே தூக்கிச் செல்லும் வழியில் சிந்திய துண்டுகளே மற்ற மலைகள் என்பார்கள். நம்முடைய பழைய நூல்கள் ‘சாவகம்’ என்று குறித்ததும் இந்தப் பக்கத்தைத்தான் என்பதால், ஊரைவிட்டு அவ்வளவு தூரம் போய்விட்டோம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

பிள்ளையாரைப் பற்றிக் கேட்டீர்கள். எரிமலைவாய்க்கு ஏற ஏறத்தாழ 250 படிகள் கட்டியிருக்கிறார்கள். படிகள் முடிந்து விளிம்பை அடையும் இடத்தில் அவர் அமர்ந்திருக்கிறார். நாங்கள் சென்ற அன்று அவருடைய மடியில் ஒரு விரல் உயரத்துக்குச் சாம்பல் படிந்திருந்தது. அதன்மேல் யாரோ வைத்துப்போன செவ்வந்திப் பூ இன்னும் வாடாமல் இருந்தது. அவருக்கு அப்பால் நிலம் திடீரென்று முடிந்துவிடுகிறது. கீழேயிருந்து, பெரிய கொதிகலன் ஒன்று ஓயாமல் மூச்சு விடுவதைப்போன்ற இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிள்ளை இல்லாத அரச தம்பதியர் அந்த மலையை வேண்டி 25 பிள்ளைகளைப் பெற்றார்கள் என்றும், வாக்குக் கொடுத்தபடி கடைசிப் பிள்ளையை நெருப்புக்குக் கொடுக்க நேர்ந்தது என்றும் தெங்கெர் மக்கள் நம்புகிறார்கள். அதன் நினைவாக, கசடா என்னும் மாதத்தின் நிறைநிலாவை ஒட்டி, காய்கறி, பழம், கோழி, ஆடு, பணம் ஆகியவற்றை எரிமலைவாய்க்குள் எறிகிறார்கள். உட்சரிவில் வலையோடு நின்று அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏழைகளும் உண்டு; அதை யாரும் குற்றமாகக் கருதுவதில்லை.

ஜாவாவில் இத்தனை எரிமலைகள் இருக்க, இலங்கையில் ஏன் ஒன்றுகூட இல்லை? எங்கள் கன்னியா வெந்நீரூற்று எரிமலையால் உண்டானதா?
– கொழும்பில் கற்கும் திருகோணமலை மாணவர்

நீங்களும் நானும் நிற்கும் அதே நிலத்தட்டுத்தான் அங்கே ஜாவாவுக்கு அடியில் புதைந்துகொண்டிருக்கிறது என்பதே இதற்குரிய சுருக்கமான பதில். இந்திய–அவுஸ்திரேலியத் தட்டு ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் நகர்ந்து, சுமாத்திராவுக்கும் ஜாவாவுக்கும் தெற்கேயுள்ள கடல் அகழியில் கீழிறங்குகிறது. கடலடியில் கிடந்த அந்தப் பாறை தன்னோடு நீரையும் ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. அந்த நீர் மேலேயுள்ள சூடான பாறைக்குள் கசியும்போது அதன் உருகுநிலை குறைந்துவிடுவதால், அது உருகி மேலெழுந்து எரிமலையாகிறது. இந்தோனேசியாவில் உயிர்ப்புள்ள எரிமலைகள் ஏறக்குறைய 130 இருப்பதற்குக் காரணம் இதுவே. இலங்கையோ அகழியிலிருந்து வெகுதூரத்தில், தட்டின் நடுப்பகுதியில், மிகப் பழைய உருமாறிய பாறைகளின்மேல் இருக்கிறது. ஆகவே கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கும் எரிமலைக்கும் உறவில்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டைப் பெற்று மீண்டும் மேலே வருகிறது. இராவணன் தாயின் கிரியைக்காக நிலத்தைக் குத்திய கதையை இதற்காக நீங்கள் கைவிட வேண்டியதில்லை.

ஆனால் அந்த அகழி நமக்கு அந்நியமானதன்று. 1883 ஓகஸ்ட் 27இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த கடலலை காலி வரை வந்தது. அதே அகழியின் சுமாத்திராப் பகுதி 2004 டிசம்பர் 26இல் அசைந்ததைப் பற்றி, உங்கள் ஊரவருக்கு நான் எழுத வேண்டியதில்லை.

எங்களுக்கு அறுபது வயது கடந்துவிட்டது. சிவனொளிபாத மலைக்கு இன்னும் ஏறுகிறோம். எங்களால் புரோமோவுக்கும் ஈஜென் எரிமலைக்கும் போக முடியுமா? கணவருக்கு இலேசான ஆஸ்துமா இருக்கிறது.
– தெஹிவளைத் தம்பதியர்

புரோமோவுக்குத் தாராளமாகப் போகலாம். சிவனொளிபாத மலையின் உச்சி 2,243 மீற்றர். புரோமோவுக்குப் போகிறவர்கள் தங்கும் செமொரோ லாவாங் கிராமமே ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஏற்றத்தை வாகனமே ஏறிவிடுகிறது. அங்கிருந்து ‘மணற்கடல்’ என்று அவர்கள் அழைக்கும் சாம்பல் வெளிக்கு இறங்கி, ஒரு மணித்தியாலம் நடந்தால் படிகளின் அடியை அடையலாம். ஒரு காலத்தில் இருந்த மாபெரும் எரிமலை உள்நோக்கி இடிந்து விழுந்ததால் உண்டான பள்ளம் அது. குறுக்களவு ஏறக்குறைய 10 கிலோமீற்றர். விடியலுக்கு முன் எல்லோரும் ஜீப்புகளில் எதிர்ப்பக்கக் காட்சிமுனைக்கு ஓடுவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் மணலில் நடந்தால், படிகளில் உங்களுக்கு முன்னால் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: படங்களில் மடிப்பு மடிப்பாகச் சேலைக் கொசுவம்போல் அழகாக நிற்பது புரோமோ அன்று, அதன் அயல்மலையான பாத்தோக். புரோமோ அதன் பக்கத்தில் பொக்கை வாயோடு இருக்கிறது.

ஈஜெனுக்கு மட்டும் உங்கள் கணவரை அழைத்துச் செல்லாதீர்கள். பல்துடிங் என்னும் இடத்திலிருந்து விளிம்புக்கு 3 கிலோமீற்றர் நடை. ஏற்றம் ஏறத்தாழ 500 மீற்றர். உங்கள் கால்கள் அதைத் தாங்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அங்கே பிரச்சினை கால்களுக்கு அன்று. எரிமலைவாயின் அடியிலிருந்து வரும் வாயுவில் கந்தக ஈரொட்சைட்டும் ஐதரசன் சல்பைட்டும் இருக்கின்றன. இரண்டும் காற்றைவிடப் பாரமானவை. பள்ளத்தில் தேங்கி நின்று, காற்று திரும்பும் பக்கமெல்லாம் திரும்பும். கொரோனாக் காலத்தில் வாங்கிய முகக்கவசம் அதற்கு முன்னால் வெறும் துணிதான். அமில வாயுக்களுக்கென்றே உள்ள வடிகட்டியுடைய கவசத்தை அடிவாரத்தில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த வடிகட்டியை எத்தனை பேர் பயன்படுத்தியிருப்பார்கள் என்று கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். ஆஸ்துமா உள்ளவருக்கு அந்தக் கந்தக வாயு ஒரு சில மூச்சுகளிலேயே நெஞ்சை இறுக்கிவிடக்கூடும்.

எங்கே போனாலும் முதல் நாள் மாலை எரிமலையின் எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். அங்கே அது நான்கு படிகளாகத் தரப்பட்டிருக்கிறது. முதலாவது வழமையான நிலை, நான்காவது உச்ச ஆபத்து. இரண்டாம் நிலையில் எரிமலைவாய்க்கு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதையும் அறிவிப்பார்கள். மூன்றாம் நிலை என்றால் பயணத்தை மாற்றிவிடுங்கள். 2021 டிசம்பரில் செமெரு சீறி ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நினைத்துக்கொண்டால், விமானச் சீட்டுக்குக் கொடுத்த பணம் பெரிதாகத் தோன்றாது.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க நேருமா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

நேராது. சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். சம்பலில் மட்டும் கவனம் வேண்டும். நம்முடைய சம்பலின் உறவுக்காரிதான், ஆனால் பெரும்பாலும் ‘தெராசி’ என்னும் இறால் விழுது சேர்ந்திருக்கும்.

பன்னிரண்டு நாள்கள் முதுகுப்பையோடு அலைந்தும் கணவனும் மனைவியும் சண்டை பிடிக்கவில்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.
– பம்பலப்பிட்டி வாசகி

பிடித்தோம், அதுவும் முதல் நாளே. சிங்கப்பூர் வழியாகச் சுரபாயாவில் இறங்கி, புகையிரதத்தில் புரோபொலிங்கோ சேர்ந்தோம். மலைக்குப் போகும் சிற்றூந்து இருக்கைகள் நிரம்பினால்தான் கிளம்பும் என்பதை நான் வாசித்திருந்தேன். ‘இன்று அது ஓடாது’ என்று ஒருவர் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துச் சென்று, மூன்று மடங்கு விலைக்கு வாகனம் பேசிக்கொடுத்தார். ஊரைத் தாண்டும்போது அந்தச் சிற்றூந்து எங்களை முந்திக்கொண்டு போனது. அவரை நம்பியது யார் என்பதில்தான் சண்டை. நான் அல்ல என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மற்றச் சண்டை எடையைப் பற்றியது. என் பை 8 கிலோ, அவருடையது 13 கிலோ. அதில் ஒளிப்படக் கருவியும் அதன் தாங்கியும் மட்டும் 3 கிலோ. என்னுடைய குளிராடையையும் சுமந்துகொள்ளும்படி கேட்டதில் என்ன தவறு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விடியற்காலைகளில் அங்கே நுவரெலியா மார்கழிக் குளிர். ஆடையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அவ்வளவு தூரம் போயும் ஈஜெனின் நீலச் சுடரைப் பார்க்காமல் திரும்பினோம் என்று எழுதியிருந்தீர்கள். வருத்தமாக இல்லையா?
– மட்டக்குளி வாசகர்

அன்று மிகவும் வருத்தமாகத்தான் இருந்தது. எரிமலைவாயின் அடியில் வெடிப்புகளின் வழியே வெளிவரும் சூடான கந்தக வாயு, காற்றைத் தொட்டதும் தீப்பற்றி எரிவதே அந்தச் சுடர். பகலிலும் எரிகிறது, ஆனால் இருளில்தான் அதன் நீலம் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் எல்லோரும் நள்ளிரவுக்குப் பின் மலையேறுகிறார்கள். நாங்கள் விளிம்பை அடைந்து, உள்ளே இறங்கும் கற்பாதையில் இருபது அடிகூட வைத்திருக்க மாட்டோம். காற்று எங்கள் பக்கம் திரும்பியது. கண் எரிந்தது, தொண்டைக்குள் தீக்குச்சி உரசியதுபோல் இருந்தது. கணவர் இரும ஆரம்பித்தார். பின்னால் வந்தவர்கள் எங்களை விலக்கிக்கொண்டு இறங்கினார்கள், நாங்கள் மேலேறிவிட்டோம்.

விடிந்தபோது புகை விலகி, கீழே ஏரி தெரிந்தது. ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் அகலமுள்ள அதன் நிறம், பழைய வெண்கலப் பாத்திரத்தில் பூத்த களிம்பைப்போன்ற நீலப்பச்சை. நீர் என்று சொல்கிறோமே தவிர, அது கடும் அமிலக் கரைசல். மோட்டார் வண்டிப் பற்றரியில் ஊற்றும் அமிலத்தோடு ஒப்பிடத்தக்கது. 2024 ஏப்ரலில் இந்த விளிம்பில்தான் ஒரு பெண் பயணி, படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி நகர்ந்தபோது தவறி விழுந்து இறந்தார்.

கந்தகத் தொழிலாளர்கள் அப்போதுதான் சுமையோடு மேலேறத் தொடங்கியிருந்தார்கள். அடியில் குழாய்களின் வழியே வாயுவை இறக்கிக் குளிரவைக்கிறார்கள். செந்நிறமாக ஒழுகும் கந்தகம் இறுகி மஞ்சளாகிறது. அதை இரும்புக் கம்பியால் உடைத்து, மூங்கில் காவடியின் இரு பக்கக் கூடைகளில் நிரப்புகிறார்கள். ஒரு சுமை 70 முதல் 90 கிலோ வரை இருக்கும். ஒருவர் எங்களருகே வந்து காவடியைப் பாறையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். கவசம் அணியாமல், ஈரத்துணியின் நுனியைப் பல்லில் கடித்திருந்தார். அவருடைய வலத்தோளில் முழங்கை அளவு ஒரு காய்ப்பு எழும்பியிருந்தது. என் கணவர் சைகையால் அனுமதி கேட்டு, மூங்கிலின் நடுவில் தோளைக் கொடுத்து எழும்ப முயன்றார். கூடைகள் தரையிலிருந்து அசையவில்லை. அந்த மனிதர் சிரித்துவிட்டு, கணவரின் பையைக் காட்டி ஏதோ கேட்டார். வழிகாட்டி மொழிபெயர்த்தார்: ‘இதற்குள் என்ன விற்கிறீர்கள்?’