ஃபோர்க்ஸுக்குப் பக்கத்து ஊர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். எனக்கு முப்பத்தொரு வயது. பத்தாம் வகுப்பு விடுமுறையில் ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' நாவலை இரண்டே ராத்திரியில் படித்தேன். அட்டையில் இரண்டு கைகள் சிவப்பு ஆப்பிளை ஏந்தியிருக்கும். மற்ற மூன்று பாகங்களையும் தோழிகளிடம் இரவல் வாங்கிப் படித்தேன்.

போன மாதம் வீடு மாற்றும்போது அந்தப் புத்தகம் கையில் கிடைத்தது. மறுபடி படித்தேன், மற்ற பாகங்களையும் தேடிப் படித்தேன். கோபம் கோபமாக வந்தது. ரத்தக்காட்டேரி எட்வர்ட், கதாநாயகி பெல்லாவுக்குத் தெரியாமல் ஜன்னல் வழியாக அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஓநாய்ப் பையன்களைப் பார்க்க அவள் போகக் கூடாது என்று வண்டி எஞ்சினில் ஒரு பாகத்தையே கழற்றி வைக்கிறான். நூறு வயது தாண்டியவனுக்குப் பதினேழு வயதுப் பெண். மொழியும் ரொம்பச் சாதாரணம். ஆனால் ராத்திரி மூன்று மணிவரை கீழே வைக்க முடியவில்லை. உயிரியல் வகுப்பில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இடத்தில், பதினைந்து வயதில் அடித்துக்கொண்ட மாதிரியே நெஞ்சு அடித்துக்கொண்டது. இதில் எந்த நான் உண்மை? அக்கா மகளுக்குப் பதினான்கு வயது. புத்தகத்தைக் கேட்கிறாள். கொடுக்கலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கொடுங்கள். பதினான்கு வயதுப் பெண் ஒரு புத்தகத்தைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். நீங்கள் ஒளித்துவைத்தால் வேறு எங்காவது வாங்கிப் படிப்பாள், படித்ததை உங்களிடம் மட்டும் சொல்லமாட்டாள்.

அப்புறம் அந்த வெட்கம். உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறீர்கள். அவள் என்ன தப்பு செய்தாள்? வகுப்பில் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருப்பவளை ஒருவன் கண்ணெடுக்காமல் பார்க்கிறான், மற்றவர் மனதையெல்லாம் படிக்கத் தெரிந்தவனுக்கு அவள் மனதை மட்டும் படிக்க முடியவில்லை. அந்த வயதில் இதைவிடப் பெரிய ஆறுதல் என்ன இருக்கிறது? வீட்டில் அம்மா, பள்ளியில் டீச்சர் என்று எல்லோரும் உங்கள் மனதைப் படித்துக்கொண்டே இருந்த காலம் அது. யாராலும் படிக்க முடியாத மனது தனக்கு இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவளை விட்டுவிடுங்கள். அவளும் நீங்கள்தான், கோபப்படுகிறவரும் நீங்கள்தான். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லை.

மொழி சாதாரணம் என்கிறீர்கள். சரி, சாதாரணம்தான். மூன்று சின்னப் பையன்களை வளர்த்துக்கொண்டிருந்த அம்மா மேயர். 2003 ஜூன் 2 அன்று விடியற்காலையில் ஒரு கனவு வருகிறது. புல்வெளியில் ஒரு பெண்ணும், வெயிலில் மினுங்கும் ஒரு ரத்தக்காட்டேரியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதை எழுத உட்கார்ந்தவர் மூன்று மாதத்தில் நாவலை முடித்துவிட்டார். உங்களை மூன்று மணிவரை விழிக்கவைத்தது அந்த வேகம்தான். எட்வர்டைப் பற்றி நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் 2005-ல் புத்தகம் வந்ததிலிருந்து எல்லோரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மேயரே 2015-ல் ஆணைப் பெண்ணாக, பெண்ணை ஆணாக மாற்றி மொத்த நாவலையும் திரும்ப எழுதிப் பார்த்தார். அந்த வழக்கில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

நான் நின்றுபோன இடம் வேறு. 'ஓநாய்ப் பையன்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு நீளமான கடிதத்தில் அவர்களுக்கு அந்த இரண்டு சொல்தான்.

அவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது, எஸ். குவிலியூட். மேயர் கற்பனை செய்த பெயர் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கடலோரம், ஃபோர்க்ஸ் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் லா புஷ் என்ற ஊரில் வாழ்கிற பழங்குடி மக்கள். மேயர் கதைக்காக மழை மிகுந்த ஊர் ஒன்றைத் தேடினார். ஃபோர்க்ஸ் கிடைத்தது. நேரில் போகாமலே எழுதினார். பக்கத்திலேயே ஒரு பழங்குடி ஊர் இருப்பதையும், அவர்கள் ஓநாயிலிருந்து வந்தவர்கள் என்று ஒரு பழங்கதை இருப்பதையும் படித்தார். அதையும் எடுத்துக்கொண்டார். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

அவர்கள் மொழியைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதில் ம இல்லை, ந இல்லை. மூக்கால் ஒலிக்கும் மெய்யெழுத்தே கிடையாது. உலகத்தில் அப்படிப்பட்ட மொழிகள் மிகச் சில. நாம் ங ஞ ண ந ம ன என்று ஆறு மெல்லினம் வைத்திருக்கிறோம். ஒரு மணி நேரம் அந்த ஆறும் இல்லாமல் பேசிப் பாருங்கள். அம்மாவைக் கூப்பிட முடியாது. 'நான்' என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்களோ அந்த ஒலிகள் இல்லாமலே தாலாட்டினார்கள், சண்டை போட்டார்கள், கடலில் திமிங்கலம் வேட்டையாடினார்கள். 1882-ல் லா புஷ்ஷில் பள்ளிக்கூடம் வந்தது. வாத்தியார் அவர்களுக்குப் பைபிளிலிருந்தும் அமெரிக்க வரலாற்றிலிருந்தும் புதுப் பெயர் வைத்தார். நாவலில் வரும் பெயர்களை இப்போது நினைத்துப் பாருங்கள்: ஜேக்கப், சாம், சேத், லேயா. சாம் என்ற பெயரை அவர்களுடைய பழைய மொழியில் உச்சரிக்கவே முடியாது. அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்கள் இன்று யாரும் இல்லை. அடுத்த தலைமுறை சொல் சொல்லாகச் சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது.

நாவலில் ஓர் ஒப்பந்தம் வருகிறதே, ஞாபகம் இருக்கிறதா? ஜேக்கப்பின் கொள்ளுத்தாத்தா ரத்தக்காட்டேரிகளோடு செய்துகொண்டது. எல்லை தாண்டி இவர்கள் நிலத்துக்குள் அவர்கள் வரக் கூடாது. நிஜத்தில் ஒப்பந்தம் 1855-ல் அமெரிக்க அரசோடு நடந்தது. பரம்பரை நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். 1889-ல் அரசு அவர்களுக்கென்று ஒதுக்கியது ஏறக்குறைய ஒரு சதுர மைல். அதே வருடம் ஊர் சனம் பீருக்குப் போடும் ஹாப்ஸ் பறிக்கும் கூலி வேலைக்குப் போயிருந்தபோது, அந்த இடம் தனக்குச் சொந்தம் என்று சொல்லிவந்த ஒரு வெள்ளைக் குடியேறி 26 வீடுகளையும் கொளுத்தினான். முகமூடிகள், கூடைகள், வேட்டைக் கருவிகள் எல்லாம் சாம்பல். நாவலில் எல்லையை மதிக்கிறவர்கள் அழகான வெள்ளை முகத்து எட்வர்டின் கல்லன் குடும்பம். கோபம் வந்தால் தோல் கிழிந்து மிருகமாகிறவர்கள் குவிலியூட் பையன்கள். எட்வர்ட் தன் பசியை அடக்குகிறான், அதற்குப் பெயர் காதல். சாம் ஒரு நொடி கோபத்தை அடக்க முடியாமல் போகிறான், அவன் காதலி எமிலியின் முகம் வாழ்நாளுக்கும் கிழிந்துபோகிறது. நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள், எஞ்சினைப் பார்த்தீர்கள். எமிலியின் முகம் உங்கள் கண்ணில் படவில்லையே!

அவர்கள் சொல்லும் கதையில் இந்தக் கோபம் எங்கும் கிடையாது. உருமாற்றுகிறவன் ஒருவன் கடலோரமாக நடந்து வருகிறான், இரண்டு ஓநாய்களைப் பார்க்கிறான், மனிதர்களாக மாற்றுகிறான். அவ்வளவுதான். அது ஓநாய் மனிதனான கதை. மனிதன் ஓநாயாகிற கதையாக அதைத் திருப்பிப் போட்டது நாவல். இன்று உலகத்தில் கோடிக்கணக்கானவர்களுக்குக் குவிலியூட் என்றால் திருப்பிப் போட்ட அந்தக் கதைதான் தெரியும். நாவல் சினிமாவாகி ஓடிய நாட்களில் ஒரு படப்பிடிப்புக் குழு அனுமதியில்லாமல் அவர்களுடைய இடுகாட்டுக்குள் போய்க் கல்லறைகளைப் படம்பிடித்து, பயமுறுத்தும் இசை சேர்த்து வெளியிட்டது.

இதை நான் இவ்வளவு இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இதே காரியத்தை நான் செய்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. செங்கல்பட்டுப் பக்கம் வாடகை வீடு. ஒரு மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தேன். இருளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து கூடும் நாள் அது. குச்சி நட்டுச் சேலையைக் கட்டிக் கூடாரம் போட்டிருந்தார்கள். விடியற்காலையில் ஈரமணலைக் குவித்துத் தட்டி ஏழு படி செய்து, ஒவ்வொரு படியிலும் பூ வைத்துக் கும்பிட்டார்கள். கன்னியம்மாவைக் கும்பிடும் பண்டிகை. நான் பார்த்தது அரை ராத்திரியும் ஒரு காலையும். அதை வைத்து ஒரு வார இதழுக்குப் பேய்க்கதை எழுதினேன். பௌர்ணமிதோறும் கடலிலிருந்து வந்து ரத்தம் குடிக்கும் கன்னி. பெயரை மாற்றவில்லை. பெயர் நிஜமாக இருந்தால் பயம் கூடும் என்று நினைத்தேன். 250 ரூபாய் வந்தது.

இரண்டு மாதம் கழித்து, கிணற்றடியில் பாம்பு என்று வீட்டுக்காரர் ஒரு இருளர் பெரியவரைக் கூட்டிவந்தார். பாம்பைப் பிடித்துச் சாக்கில் போட்டுக் கட்டிய பிறகு என் வீட்டுப் படியில் உட்கார்ந்தார். கடப்பாரையைத் தரையில் சத்தம் வராமல் கிடத்தினார். வலது கையில் ஒரு விரல் மடங்கியே இருந்தது. தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, "அந்தக் கதை நீங்க எழுதுனதுதானா சார்?" என்றார். எட்டாவது படிக்கும் மகள் டீக்கடையில் கிடந்த இதழைப் பார்த்து அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். ஆமாம் என்றேன்.

"எங்க கன்னிமா எப்ப சார் ரத்தம் குடிச்சா?"

நான் பேசவில்லை. அவர்தான் சொன்னார். "அவ கோவிச்சுக்கிட்டு கடலுக்குப் போயிட்டா. வந்துடு தாயின்னு வருசா வருசம் போய்க் கூப்புடறோம். அவ்ளோதான் சார்." கொஞ்ச நேரம் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணு இந்த வருசம் கடலுக்கு வரமாட்டேங்குது. பயமா இருக்குதாம்."

"அது சும்மா கதைதான் பெரியவரே" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய மிக மோசமான வாக்கியம் அது. அவர் தலையாட்டிக்கொண்டு எழுந்து போனார். அந்தக் கதையை எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை. ஆனால் அவர் வீட்டைத் தேடிப் போய் அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. இப்போது அவளுக்கு ஐம்பது வயது நெருங்கும்.

அதனால்தான் உங்கள் அக்கா மகளுக்குப் புத்தகத்தைக் கொடுக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். ஆறாம் அத்தியாயத்தில் ஜேக்கப்பும் பெல்லாவும் கடற்கரையில் இருக்கிறார்கள். உப்பேறிய கட்டை நீலமாக எரிகிறது. அவன் தன் ஆட்களின் பழைய கதைகளைச் சொல்கிறான். அதில் 'குளிர்ந்தவர்கள்' என்ற ரத்தக்காட்டேரிகளின் கதை மேயர் சேர்த்தது. அதற்கு முன்னால் இரண்டு வரியில் ஒரு வெள்ளக் கதை வரும். பெரு வெள்ளத்தில் படகுகளை மிக உயரமான மரங்களின் உச்சியில் கட்டிப் பிழைத்தார்கள் என்று. அது அவர்களுடையது. 1700 ஜனவரியில் அந்தக் கரையோரத்தில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் சுனாமி ஜப்பான்வரை போய் அடித்தது. லா புஷ்ஷில் பள்ளிக்கூடம் கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மேட்டு நிலத்துக்காகப் பல வருடம் அலைந்தார்கள். 2012-ல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு தேசியப் பூங்காவிலிருந்து 785 ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தது. 2022-ல் பிள்ளைகள் மேட்டிலிருக்கும் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

அந்த இரண்டு வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். ஏன் கோடு என்று அவள் கேட்பாள்.

அன்புடன்