துளைக்குத் துளை 8 மில்லிமீட்டர்: லெகோ டெக்னிக் கேள்வி–பதில்

கேள்வி: பாகங்கள் வாங்கும் முன் கணினியில் கட்டிப் பார்க்க ஆசை. எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

பதில்: புதியவருக்கு பிரிக்லிங்கின் ஸ்டுடியோ போதும். இலவசம். கட்டி முடித்த மாதிரியின் பாகப் பட்டியலை அப்படியே பிரிக்லிங்க் சந்தையில் ஏற்றிக்கொள்ளலாம். லெகோவின் பழைய டிஜிட்டல் டிசைனர் 2022 தொடக்கத்தோடு கைவிடப்பட்டுவிட்டது. பழைய காணொலிகளில் பார்த்துவிட்டு அதைத் தேடிப் போகவேண்டாம்.

கொஞ்சம் பழகியபின் எல்டிரா பக்கம் வாருங்கள்; லெகோ பாகங்களைக் கணினியில் வரையும் முறை அது. ஆஸ்திரேலியரான ஜேம்ஸ் ஜெசிமன் 1995-இல் தொடங்கியது. 1997-இல் அவர் மறைந்தபின் ரசிகர்களே அதன் பாக நூலகத்தை வளர்த்துவருகிறார்கள். லியோகேட், எல்டிகேட் போன்ற மென்பொருள்கள் எல்லாம் அந்த நூலகத்தை நம்பியே ஓடுகின்றன. குழாய், ரப்பர் பட்டை போல வளையும் பாகங்களுக்கு எல்டிகேட் நல்லது. எல்டிராவின் அலகு 0.4 மி.மீ. குமிழுக்குக் குமிழ் (செங்கலின் மேலுள்ள புடைப்பு) 20 அலகு, செங்கல் உயரம் 24, தட்டு (மெல்லிய செங்கல்) 8. இந்த மூன்று எண்களும் மனதில் இருந்தால் பாகத்தைச் சுட்டியால் இழுத்து அல்லாடாமல், இடத்தை எண்ணாகவே தட்டிவிடலாம்.

திரையில் இரண்டு கியர்களின் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நின்றால் பதற வேண்டாம். ஒன்றை அரைப்பல் திருப்புங்கள்: 24 பல் கியருக்கு 7.5 பாகை, 16 பல்லுக்கு 11.25. ஆனால் திரையில் உராய்வும் இல்லை, பீம் (வரிசையாகத் துளைகள் உள்ள தண்டு) வளைவதும் இல்லை. அங்கே சுற்றுவதெல்லாம் மேசையில் சுற்றிவிடாது.

கேள்வி: 8 பல் கியரும் 24 பல் கியரும் அழகாகச் சேர்கின்றன. 16-ஐயும் 24-ஐயும் வைத்தால் ஒரு துளையில் இறுகுகிறது, அடுத்த துளையில் தொடவே இல்லை. கியரில் கோளாறா?

பதில்: கியரில் ஒன்றும் இல்லை, கணக்கில்தான். இந்தக் கியர்களின் பல் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் கிடைப்பது, மில்லிமீட்டரில், அவை கடிக்கும் வட்டத்தின் ஆரம். 8 பல்லுக்கு 4, 16-க்கு 8, 24-க்கு 12, 40-க்கு 20. இரண்டு ஆரங்களைக் கூட்டினால் அச்சுகளுக்கு இடையே வேண்டிய தூரம். அது 8-ஆல் மீதமின்றி வகுபட்டால் துளையில் பொருந்தும்.

8-ம் 24-ம் சேர்ந்தால் 16 மி.மீ., அதாவது 2 துளைத் தூரம். 8-ம் 40-ம் 3, 24-ம் 40-ம் 4. உங்கள் ஜோடிக்கு 8+12 = 20 மி.மீ., இரண்டரைத் துளை. அதனால்தான் இரண்டில் இறுக்கம், மூன்றில் இடைவெளி. அரைத்துளை நகர்த்த, இரு துளைகள் உள்ள 1×2 டெக்னிக் செங்கல் (எண் 32000) உதவும். பெரும்பாலான டெக்னிக் செங்கல்களில் துளை இரு குமிழ்களுக்கு நடுவே இருக்கும். இதில் குமிழுக்கு நேர் கீழே. இருபுறமும் சரிந்த பல் கொண்ட கியர்களில் 12-ம் 20-ம் 2 துளைக்கும், 12-ம் 36-ம் 3 துளைக்கும், 20-ம் 28-ம் அதே 3 துளைக்கும் உட்காரும்.

செங்குத்தாக அடுக்குபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. செங்கல் உயரம் 8 அல்ல, 9.6 மி.மீ. செங்கல் மேல் செங்கல் வைத்து அதில் கியர் கோத்தால் பொருந்தாது. இரண்டு செங்கல்களுக்கு நடுவே இரண்டு தட்டுகளை வையுங்கள்: 9.6+3.2+3.2 = 16. துளைகள் சரியாக 2 துளைத் தூரத்தில் நிற்கும்.

கேள்வி: சாய்வாக ஒரு பீம் கொடுத்து சட்டத்தை உறுதியாக்க நினைத்தால் துளைகள் நேருக்கு நேர் வரவில்லை.

பதில்: 7, 9, 11 துளை பீம்களை எடுங்கள். தூரத்தை எண்ணும்போது துளை எண்ணிக்கையில் ஒன்றைக் கழிக்க வேண்டும். ஆக அவை 6, 8, 10. பள்ளிக்கூடத்து 3-4-5 முக்கோணத்தின் இரட்டிப்பு.

கேள்வி: மோட்டார் ஓடுகிறது, கியர் 'கடகட' என்று தாவுகிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். பல் தாவுகிறது என்றால் சுமையில் இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று தள்ளி விலகுகின்றன. பெரிய மோட்டார் போட்டால் இன்னும் வேகமாகத் தாவும்.

முதலில், இரண்டு அச்சுகளும் ஒரே பீமின் துளைகளில் போகின்றனவா பாருங்கள். தனித்தனிப் பீம்களில் இருந்தால் அவற்றைக் குறுக்கே இன்னொரு பீமால் பூட்டுங்கள். அடுத்து, கியரின் இரண்டு பக்கமும் அச்சுக்குத் தாங்கல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்த அச்சு வளைந்தே தீரும். கடைசியாக, வேகக் குறைப்பைச் சுமைக்கு அருகில் வையுங்கள். மோட்டார் அருகிலேயே குறைத்துவிட்டு நீள அச்சில் விசையை அனுப்பினால், அச்சு முறுக்கிக்கொள்ளும்.

கணக்குக்கு ஓர் உதாரணம். லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் வரிசை எம் மோட்டார் 9 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 சுற்று. 8→24, பிறகு 8→40 என்றால் 15 மடங்கு குறைப்பு. சுமார் 27 சுற்று. ஒரே ஒரு வார்ம் (திருகு வடிவ) கியரும் 24 பல் கியரும் வைத்தால் 24 மடங்கு, சுமார் 17 சுற்று. வார்ம் பின்னோக்கிச் சுற்றாது என்பதால் கிரேனுக்குக் கச்சிதம். ஆனால் விசையில் பாதிக்கு மேல் உராய்விலேயே போய்விடும். சுற்றும்போது அச்சில் வழுக்கி நகரவும் பார்க்கும், இரு முனையிலும் புஷ் (அச்சில் மாட்டும் சிறு வளையம்) போட்டு அடைக்க வேண்டும். கிரேன் கொக்கி உச்சியில் முட்டி நிற்கும் இடத்தில் வழுக்கும் 24 பல் கிளட்ச் கியர் ஒன்றைச் சேர்த்துவிட்டால் எதுவும் உடையாது. மோட்டார்களை ஒப்பிட ஃபிலோஹோம் தளத்தில் உள்ள அளவீட்டு அட்டவணைகளைப் பாருங்கள்.

கேள்வி: ரீபிரிக்கபிள் தளத்தில் இறக்கிய வரைபடத்தில் சில பாகங்கள் என்னிடம் இல்லை. நிறம் மாற்றிப் போடலாமா?

பதில்: பீமில் போடலாம். பின்னில் (துளைகளை இணைக்கும் சிறு முளை) கூடாது, அங்கே நிறம் அழகுக்காக அல்ல. இரண்டு துளை நீளப் பின்னில் கருப்பு இறுகிப் பிடிக்கும், சாம்பல் தளர்வாகச் சுற்றும். மூன்று துளை நீளத்தில் நீலம் இறுகும், மணல் நிறம் சுற்றும். ஒரு பாதி அச்சாக, மறுபாதி பின்னாக இருக்கும் பாகத்திலும் அதேதான். அசையும் மூட்டில் கருப்பைப் போட்டுவிட்டு மோட்டாரைக் குறை சொல்பவர்கள் நிறைய.

பாகத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எண் வடிவத்தின் எண். நிறத்தையும் சேர்த்துக் குறிக்கும் எண் வேறு. பாகத்தை வார்க்கும் அச்சு திருத்தப்படும்போது வடிவ எண்ணும் மாறலாம், தளத்துக்குத் தளம் வேறாகவும் இருக்கலாம். எண் பொருந்தவில்லை என்றால் படத்தைப் பாருங்கள்.

கேள்வி: பழைய பெட்டியின் கையேடு தொலைந்துவிட்டது.

பதில்: லெகோ தளத்தின் கையேட்டுப் பக்கத்தில் பெட்டி எண்ணைத் தட்டுங்கள். பெரும்பாலும் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும்.

கேள்வி: நடக்கும் இயந்திரம் கட்ட வேண்டும். எளிய கால் அமைப்பு எது?

பதில்: ரஷ்யக் கணித அறிஞர் செபிஷெவின் லாம்டா இணைப்பு. அதை வைத்து அவர் செய்த நடை இயந்திரம் 1878 பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அளவுகள் முழு எண்கள் என்பதால் டெக்னிக்கில் அப்படியே வரும்: கிராங்க் (சுற்றும் கை) 2 துளைத் தூரம், நிலைப்புள்ளிகளுக்கு இடையே 4, ஆடும் கை 5, நீளக்கை 10.

கிராங்குக்கு, இரு முனையிலும் அச்சுத் துளை உள்ள மெல்லிய 3 துளை பீம்கள் இரண்டை ஒட்டி வையுங்கள். ஆடும் கைக்கு 7 துளை பீமில் முதல், ஆறாம் துளைகள். நீளக்கை 11 துளை பீம்: ஒரு முனை கிராங்கில், நடுவிலுள்ள ஆறாம் துளை ஆடும் கையில். மறுமுனைதான் வேலை செய்யும் முனை. கிராங்க், ஆடும் கையின் நிலைப்புள்ளிக்கு எதிர்ப்பக்கம் சுற்றும் அரைச்சுற்றில் அது 64 மி.மீ. ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மறு அரைச்சுற்றில் வளைந்து திரும்பும்.

பலர் சறுக்குவது இங்கேதான். அந்த வளைவு நிலைப்புள்ளிகளைவிட்டு இன்னும் 14 மி.மீ. தள்ளிப் போகிறது. இணைப்பைத் தலைகீழாக மாட்டி முனையையே பாதமாக்கினால், கால் திரும்பும்போது மேலெழுவதற்குப் பதிலாகத் தரையைக் குத்தும். முனை மேலே இருக்கும்படி வையுங்கள். முன்னும் பின்னும் ஒரே மாதிரி இரண்டு இணைப்புகள்; கிராங்குகள் ஒரே நிலையில் ஒரே திசையில் சுற்ற, நடுவில் ஒரு கியர். இரண்டு மேல் முனைகளையும் ஒரு பீமால் இணைத்து, அதிலிருந்து கால்களைக் கீழே தொங்கவிடுங்கள். அந்தப் பீமின் ஒவ்வொரு புள்ளியும் அதே பாதையில்தான் போகும். மறுபக்கத்தின் கிராங்குகள் 180 பாகை எதிரே. மூட்டுகள் எல்லாவற்றிலும் சாம்பல் அல்லது மணல் நிறப் பின் மட்டும். முன்கூட்டியே பாதையைப் பார்க்க ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளில் வரைந்து பாருங்கள்.