எட்டுச் சுங்குடிப் புடவைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அம்மா போன தை மாதம் தவறிப்போனார். அவர் கட்டிய எட்டுச் சுங்குடிப் புடவைகளும், அவருடைய கறுப்புக் கால்மிஷினும் என்னிடம் இருக்கின்றன. பெங்களூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு அந்தப் புடவைகளைக் கொண்டு ஒரு க்வில்ட், அதாவது துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வை, தைத்து, தீபாவளிக்கு வரும்போது கொடுத்தனுப்ப ஆசை. வீடியோக்கள் பார்த்து ஒரு புடவையில் தொடங்கினேன். மேல்பக்கம் நேராக வந்தது. திருப்பிப் பார்த்தால் அடித்துணி முழுக்கச் சுருக்கம். பிரித்துத் தைத்தேன், மறுபடி பிரித்தேன். இப்போது அந்த இடம் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. உள்ளே இலவம்பஞ்சு வைக்கச் சொல்கிறார் மாமியார். புது மிஷின் வாங்கலாம் என்கிறார் கணவர். எனக்கோ, இந்த வேலை என் கைக்கு வராதோ என்று பயமாக இருக்கிறது.

ச., திருமங்கலம்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

அந்தத் துண்டை இனிமேல் பிரிக்காதீர்கள். பல வருடம் துவைத்து மெலிந்த பருத்தி இரண்டாம் முறை பிரிப்பதைத் தாங்காது. சுருக்கத்தோடேயே ஓரம் அடித்து மடித்து வையுங்கள். இஸ்திரி போடும்போது மேஜையில் விரிக்க உதவும்.

சுருக்கம் விழுந்ததற்கு உங்கள் கையைக் குறை சொல்ல வேண்டாம். ஊசிக்குக் கீழே இருக்கும் மிஷினின் பல் அடித்துணியைத்தான் பிடித்துத் தள்ளும். மேல்துணியை அந்த நேரம் ஊசியைச் சுற்றி இருக்கும் மிஷினின் பாதம் அழுத்தித் தடுத்துக்கொண்டிருக்கும். ஒரு தையலுக்கு மயிரிழை அளவு வித்தியாசம்தான். ஆனால் ஓர் ஆள் நீளத்துக்குத் தைத்து முடிக்கும்போது அது விரற்கடை அளவாகிவிடும். மிச்சமான அடித்துணி போக இடமில்லாமல் மடிந்து நிற்கும். இதை மிஷினில் உட்காருவதற்கு முன்பே, தரையில் தடுக்க வேண்டும். அடித்துணியை வழுவழுப்பான தரையில் விரித்து, இழுக்காமல், சுருக்கம் மட்டும் போகும்படி நீவி ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். அதன் மேல் நடுத்துணி, அதன் மேல் மேல்துணி. பிறகு நான்கு விரல் இடைவெளியில் ஊக்குகளைக் குத்துங்கள். குண்டூசி வேண்டாம். உருட்டும்போது கழன்று விழும், மடியிலும் குத்தும். ஊக்கு போதவில்லை என்றால் கையால் பெரிய பெரிய தையலாக நூலோட்டி வைக்கலாம். இந்த வேலைக்கு ஒரு முழு நாள் ஆகும். வீடியோக்களில் இதை அரை நிமிடத்தில் ஓட்டிக் காட்டிவிடுவதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. போர்வையின் தலையெழுத்து அந்தத் தரையில்தான் தீர்மானமாகிறது.

மிஷினை மாற்றவே வேண்டாம். சிறு வயதில் அம்மாவோடு மதுரைப் புது மண்டபத்துக்குப் போகும்போதெல்லாம், திருமலை நாயக்கர் காலத்துத் தூண்களுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்திருந்த தையல்காரர்களைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர் வேடம் போடுகிறவர்களுக்கான உடைகள் அங்கே தயாராகும். துணி மேல் துணி, அதன் மேல் ஜரிகைப் பட்டை, ஓரத்தில் குஞ்சம். அத்தனை கனத்தையும் உங்கள் அம்மாவுடையதைப் போன்ற கறுப்பு மிஷின்கள்தான் தைத்துத் தள்ளின. கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அந்தத் தையல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நேர்த்தையல் மட்டும் போடும் மிஷினில் ஊசி இறங்க ஒரே ஒரு சிறு துளைதான் இருக்கும். துணி உள்ளே இழுபட இடமில்லாததால் தையல் மிக ஒழுங்காக விழும். பல்லுக்கு அடியில் சேர்ந்திருக்கும் பஞ்சுத் தூசியைத் தட்டி, எண்ணெய் விட்டு, பெல்ட் தொய்ந்திருந்தால் மாற்றுங்கள். புதிதாக 14-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். அம்மாவின் டப்பாவில் இருக்கும் பழைய நூலை இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் அது தைக்க ஆகாது, நினைவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இலவம்பஞ்சு தலையணைக்கு அருமையான பொருள். போடிப் பக்கத்து இலவம்பஞ்சில் தலை வைத்துத் தூங்கி வளர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அதன் இழை வழுக்கும், ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. நாலு முறை துவைத்தால் போர்வையின் ஒரு மூலையில் திரண்டுவிடும். கடைகளில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பும் எனக்குப் பிடிக்காது. நம் ஊர்ச் சூட்டில் அதைப் போர்த்திக்கொள்ளவே முடியாது. வங்காளத்துக் காந்தாவும் கர்நாடகத்துக் கவுதியும் பஞ்சே இல்லாமல், பழந்துணியை அடுக்கித் தைத்த போர்வைகள்தான். காந்தா என்ற சொல்லும் நம் கந்தையும் உறவுக்காரச் சொற்கள். மதுரைக்கு என்றால் நடுவில் பழைய எட்டு முழ வேட்டி போதும் என்பேன். பெங்களூர் மார்கழிக்கு ஃபிளானல் துணி வையுங்கள். வெட்டுவதற்கு முன் அதை நனைத்துக் காயப்போட்டுவிடுங்கள், சுருங்கும். இதற்கு மேல் அடுக்கு வேண்டாம். விடுதியில் அந்தப் பெண்தானே வாளியில் துவைத்துப் பிழிய வேண்டும்.

இனி புடவைகள். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கொசுவம் வரும் இடமும் கால் பக்கத்து ஓரமும் நைந்திருக்கும். முந்தானைப் பக்கம் நன்றாக இருக்கும். அடர்சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். தனித்தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பிறகு நீர்க்கச் சோற்றுக் கஞ்சி போட்டுக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். தொளதொளவென்று நழுவும் பழந்துணி, கஞ்சி போட்டதும் காகிதம் போல நிற்கும். வெட்டவும் தைக்கவும் அது பாதி வேலையைக் குறைக்கும். போர்வை முடிந்ததும் கஞ்சி போக அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரப்பான் தேடி வரும்.

60 அங்குல அகலம், 90 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவையும் ஒரே விரிப்பாகச் சுருட்டிக் கால்மிஷினின் கைக்கு அடியில் நுழைக்கப் பார்க்காதீர்கள். முதன்முதலில் நான் அப்படித்தான் செய்தேன். தோள்வலி வந்ததுதான் மிச்சம். 15 அங்குல அகலத்தில் நான்கு பட்டைகளாகப் பிரியுங்கள். வெட்டும்போது ஓர் அங்குலம் கூடுதலாக விடுங்கள். ஒவ்வொரு பட்டையையும் மூன்றடுக்காகத் தனியே தைத்து முடித்து, கடைசியில் நான்கையும் இணையுங்கள். இணைப்பு தெரியாமல் மேலே புடவைக் கரையை ஓட்டினால் அதுவே அலங்காரமாகிவிடும்.

பட்டையில் கோடு போடச் சாக்குக்கட்டி தேடாதீர்கள். சுங்குடியில் புள்ளிகள் இருக்கின்றனவே! இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி வரிசையைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கவாட்டிலேயே ஓட்டுங்கள். நூலால் முடிந்து சாயம் தோய்த்த புடவையாக இருந்தால் புள்ளி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். தையலும் அதோடு சேர்ந்து லேசாக வளைந்து போகட்டும், அழகாகவே இருக்கும். நடுவரிசையை முதலில் தைத்து, பிறகு இரு பக்கமும் விரிந்துகொண்டே போங்கள். எல்லா வரிசையும் ஒரே முனையிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று தைத்தால் இடையில் துணி கோணலாக இழுத்துக்கொள்ளும். தையல் நீளத்தைச் சாதாரணத் துணிக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள். அடியில் பாபினிலிருந்து வரும் நூல் மேலே புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல்நூலின் டென்ஷன், அதாவது இறுக்கம், அதிகம் என்று அர்த்தம். அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பாதத்தைத் தூக்கிவிட்டு நூலை மறுபடி கோத்துப் பாருங்கள். பெரும்பாலும் நூல் டென்ஷன் தட்டுகளுக்குள் சரியாக உட்கார்ந்திருக்காது.

பட்டைக்கு ஏழு வரிசை வீதம் நான்கு பட்டைக்கு 28. மொத்தம் ஏறக்குறைய 64 மீட்டர் தையல். இந்த நீளத்தை அம்மாவின் புடவையிலா பழகுவது? தெற்கு மாசி வீதிப் பக்கம் நான் தையல் வகுப்புக்குப் போனபோது முதல் வாரம் துணியே தரவில்லை. கோடு போட்ட நோட்டுத் தாளை நூலில்லாத ஊசியின் கீழே வைத்து, கோட்டின் மேலேயே துளை விழ ஓட்டச் சொன்னார்கள். அப்போது சலிப்பாக இருந்தது. காலும் கையும் ஒன்றுக்கொன்று பழகியது அந்தத் தாளில்தான் என்று பிறகு புரிந்தது. நீங்களும் இரண்டு நாள் தாளில் ஓட்டிவிட்டு, கிழிந்த லுங்கி, வேட்டித் துண்டுகளை ஒரு முழச் சதுரமாக மூன்றடுக்கு அடுக்கித் தினம் ஒன்று தையுங்கள். நிறுத்தும்போது ஊசி துணிக்குள் இறங்கி நிற்கட்டும். கண் ஊசியைப் பார்க்க வேண்டாம், அதற்கு ஓர் அங்குலம் முன்னால் பார்க்கட்டும். ஏழெட்டுச் சதுரத்தில் மாற்றம் தெரியும். அடுப்படியில் பாத்திரம் பிடிக்கவும் அவை ஆகும்.

வீடியோவில் வரும் பூவும் சுருளும் பல்லை இறக்கிவிட்டு, துணியைக் கையாலேயே நகர்த்திப் போடுவது. வளையம் மாட்டி மிஷின் எம்பிராய்டரி போடும் நம் ஊர்ப் பெண்களுக்கு அது கைவந்த வேலை. உங்களுக்கும் வரும். சிக்குக்கோலம் போடத் தெரியுமென்றால், கை எடுக்காமல் ஒரே கோட்டைக் கொண்டுபோகும் கணக்கு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. அதை அடுத்த போர்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் போர்வையில் நேர்க்கோடு மட்டும் போதும்.

இன்னும் பன்னிரண்டு வாரம் இருக்கிறது தீபாவளிக்கு. பழக இரண்டு, பட்டைக்கு இரண்டு வீதம் எட்டு, இணைத்து ஓரம் கட்ட இரண்டு. ஒரு புடவையில் ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள். மீதி ஏழில் ஆறு இதற்குத் தாராளம். ஒன்றை வெட்டாமல் மடித்து வையுங்கள். என் அம்மாவின் புடவைகள் எல்லாவற்றையும் நான் வெட்டிவிட்டேன். இன்று கட்டிக்கொள்ள ஒன்றுகூட இல்லை.