அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லேங்கின் படங்கள்: கேள்வி பதில்

‘புலம்பெயர் தாய்’ படத்தில் இருக்கும் பெண் யார்?

ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். 1936-ல் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாமல் கிடந்தவர்களின் முகாமில் எடுத்தது. லேங் பெயரைக் கேட்கவில்லை. வயது 32 என்று குறித்துக்கொண்டார். பெயர் 1978-ல்தான் வெளியே வந்தது. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றார்கள் என்று லேங் பின்னாளில் எழுதினார். குடும்பத்தார் அதை மறுத்தார்கள்.

என்ன கேமரா?

4×5 அங்குல கிராஃப்ளெக்ஸ்.

வறுமையைத் தவிர வேறு எதையும் எடுக்கவில்லையா?

வறுமை அவர் போய் நின்ற இடம். கண் போனதெல்லாம் கை, கால், முதுகின் மேல். 7 வயதில் போலியோ வந்ததால் கடைசிவரை தாங்கித் தாங்கித்தான் நடந்தார்; அதனாலோ என்னவோ, ஒருவர் நிற்கும் விதத்தை வைத்தே ஆளைக் காட்டிவிடுவார். சான் பிரான்சிஸ்கோவில் வசதியானவர்களுக்கு ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், 1933-ல் தெருவுக்கு வந்தார். அங்கே எடுத்த படத்தில், இலவச உணவுக்கு நிற்கும் கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் இந்தப் பக்கம் திரும்பி, தகரக் குவளையோடு கைகளைக் கோத்து வேலியில் சாய்ந்திருக்கிறார். தொப்பி கண்ணை மறைக்கிறது. முகமே வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, எழுத்து. 1937-ல் எடுத்த படத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கி இருவர் சுமையோடு நடக்கிறார்கள். பக்கத்து விளம்பரப் பலகை ‘அடுத்த முறை ரயிலில் போங்கள்’ என்கிறது! மக்கள் சொன்னதைக் கேட்டு அவரும் கணவர் பால் டெய்லரும் எழுதிய படக்குறிப்புகளும் உண்டு. குறிப்பை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் பகிராதீர்கள்.

எந்த கேமராவில் எடுத்தார்?

மேலே இருக்கிறது.

இன்னொரு புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் பற்றி?

மலைப் படங்கள் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

தாய் படத்தில் கட்டைவிரலை அழித்தது மோசடிதானே?

கூடாரக் கம்பைப் பிடித்த விரலைப் பின்னாளில் நெகட்டிவில் மறைக்கச் செய்தார். அவருடைய மேலாளர் ராய் ஸ்டிரைக்கருக்கே பிடிக்கவில்லை. எனக்கும் அது வேண்டாத வேலையாகத்தான் படுகிறது. மோசடி என்பது பெரிய வார்த்தை.

பூசி மெழுகுகிறீர்கள். அப்படியானால் எதையும் அழிக்கலாமா?

அழிக்கக் கூடாது. ஆனால் விரல் போனதில் யாருக்கு என்ன நஷ்டம்? டயர் கதைதான் ஒரு குடும்பத்தின் மேல் ஒட்டிக்கொண்டது. கோபப்படுவதானால் அதற்குப் படுங்கள்.

இருந்தாலும் விரல்...

சரி, விரலோடு உள்ள பிரதியும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. இறக்கிப் பாருங்கள், இலவசம். குறிப்பையும் சேர்த்து.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்த முகாம்களையும் எடுத்தாராமே?

1942-ல் அரசே அமர்த்தியது. முள்வேலி, காவல் கோபுரம், ஆயுதம் ஏந்திய சிப்பாய் கூடாது என்றார்கள். எடுத்தவற்றையும் போர் முடியும்வரை ராணுவம் முடக்கிவைத்தது. ஓக்லாந்தில் ஜப்பானிய வம்சாவளிக் கடைக்காரர் ‘நான் அமெரிக்கன்’ என்று பலகை மாட்டிய படத்திலிருந்து தொடங்குங்கள். அந்தப் பலகை பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாளே மாட்டியது.