காய் பிடிக்கிற நேரத்தில் பருத்தி இலை மஞ்சளானால்

கேள்வி: பெரம்பலூர் பக்கம், கரிசல் மண், மானாவாரி பருத்தி 2 ஏக்கர். புரட்டாசி தொடக்கத்தில் விதைத்தது, இப்போது 100 நாள். பூ இன்னும் இருக்கிறது, காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆனால் அடி இலைகள் மஞ்சளாகி, சில இலைகள் சிவந்தும் வருகின்றன. உரக்கடையில் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போடச் சொல்கிறார்கள். போடலாமா ஐயா?

பதில்: வேண்டாம். 100 நாளில் அந்த யூரியா காய்க்குப் போவதை விடப் புதுத் தளிருக்குத்தான் போகும். தளிர் கொழுத்தால் தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் வந்து உட்காரும். மானாவாரியில் மண் ஈரமில்லாமல் போட்டால் பாதி வீணாகவும் போய்விடும்.

காய் பாரம் ஏறியதும் செடி அடி இலையில் இருக்கும் சத்தை உருவிக் காய்க்கு அனுப்புவது இயல்பு. அடியில் நாலைந்து இலை வெளுத்து உதிர்வதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் சிவப்பையும் சொல்கிறீர்கள், அதனால் ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பு உட்பட இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்திருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. நரம்பு பச்சையாகவே நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகி அப்புறம் செந்நிறமானால் மெக்னீசியக் குறைவு. ஓரம் மட்டும் மஞ்சளாகிக் கருகினால் சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறைவு.

உங்கள் வயலில் மெக்னீசியம் மேல்தான் எனக்குச் சந்தேகம். கரிசலில் சுண்ணாம்பு அதிகம். அது மெக்னீசியத்தை வேர் எடுக்கவிடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கியிருந்தால் வேரும் தளர்ந்திருக்கும். மார்கழி இரவுக் குளிரும் சேர்ந்தால் சிவப்பு இன்னும் கூடும். குளிரால் வரும் சிவப்புக்கு மருந்து கிடையாது.

தெளிப்புக்கு: 10 லிட்டர் டேங்குக்கு மெக்னீசியம் சல்பேட் 100 கிராம், யூரியா 100 கிராம். மண்ணில் மூட்டையாகப் போடத்தான் வேண்டாம் என்றேன், இலையில் இந்த அளவு தெளிக்கலாம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சாயங்காலம் இலையின் இரு பக்கமும் நனையத் தெளித்து, 10 நாள் கழித்து இன்னொரு முறை. இதோடு டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் கலக்காதீர்கள், திரிந்து நாசில் அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே சிவந்த இலை பச்சையாகத் திரும்பாது. மேலே உள்ள இலைகளுக்குப் பரவாமல் நின்றால் போதும்.

தெளிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெளிர்பச்சையில் சின்னப் பூச்சிகள் குறுக்காக நகர்ந்து ஓடினால் அது தத்துப்பூச்சி. அது சாறு உறிஞ்சினாலும் இலை ஓரம் மஞ்சளாகி, கீழ்நோக்கிச் சுருண்டு, சிவக்கும். பார்ப்பதற்குச் சத்துக் குறைவு மாதிரியே இருக்கும், பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். இலைக்கு 2 குஞ்சுக்கு மேல் இருந்தால் ஃப்ளோனிகாமிட் 50 சதம் என்ற பூச்சிமருந்தை ஏக்கருக்கு 60 கிராம் தெளியுங்கள். குறைவாக இருந்தால் வேப்பெண்ணெயே போதும். பூச்சி இருக்கும்போது சத்து மட்டும் தெளித்துப் பிரயோசனமில்லை.

செடி மஞ்சளோடு சேர்ந்து தொங்கிப்போய், இழுத்தால் கையோடு வந்து, வேர்ப்பட்டை நார்நாராகக் கழன்றால் அது வேரழுகல். அந்தச் செடியைச் சுற்றியுள்ள செடிகளுக்கும் சேர்த்து, லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பென்டசிம் என்ற பூஞ்சாண மருந்தைக் கரைத்து வேரில் ஊற்றுங்கள்.